பூர்வீகம் தேடித் தரும் நூலகப் பிரிவை மூடப் போகிறார்கள்: மனு எப்படிக் கொடுப்பது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். அதன் பின்னறையில் நூலகரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து, தேடி வருகிறவர்களுக்குக் குடும்பப் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள். பழைய பதிவேடுகளின் நகல்கள், குலதெய்வக் கோயில்களின் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் வரி) நோட்டு நகல்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன காகிதங்கள் எல்லாம் அங்கே அலமாரியில் இருக்கின்றன. கட்டடம் ஒழுகுகிறது, ஆள் இல்லை, வருகிறவர்களும் குறைவு என்று சொல்லி அந்தப் பிரிவை மூடி, அலமாரியை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். “ஆயிரம் கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் கொடுத்தால் போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. கையெழுத்து வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவரால் ஒரே ஆணையில் நிறைவேற்ற முடிகிற கோரிக்கையாக எழுத வேண்டும். அந்த அறை மூடினால் யாருக்கு எந்த வேலை நின்றுபோகும் என்பதைப் பெயரோடும் ஊரோடும் காட்ட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இருநூறு கையெழுத்தே கனமாக நிற்கும். இல்லாவிட்டால் ஆயிரம் கையெழுத்தும் ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்ற ஒரு வரியோடு கோப்பில் உட்கார்ந்துவிடும்.

யாரிடம் கொடுப்பது? கிளை நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வருகிறது. அன்றாட நிர்வாகம் மாவட்ட நூலக அலுவலர் கையில். அவருக்கு மேலே சென்னையில் பொது நூலக இயக்ககம், அதற்கு மேலே பள்ளிக் கல்வித் துறை. ஆகவே மனு மாவட்ட நூலக அலுவலர் பெயருக்குத்தான் போக வேண்டும், கலெக்டருக்கு நகல். கட்டடம் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தம் என்றால் கதை கொஞ்சம் மாறும். நகராட்சி என்றால் ஆணையருக்கும் மன்றத் தலைவருக்கும் தனி மனு கொடுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வருவது எதுவோ அதைப் பிடியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய ஒரு பத்திக்குத் தனி மதிப்பு உண்டு. இதைப் படிக்கிற காரைக்கால்காரர்கள் கவனிக்கவும்: உங்களுக்குப் புதுச்சேரி அரசு. சென்னைக்கு எழுதுகிற எதுவும் உங்கள் கோப்பை நகர்த்தாது.

மனு எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். “ஏன் மூடுகிறீர்கள்?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்: பிரிவை மூடுவது குறித்துப் பிறப்பித்த ஆணையின் நகல், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கட்டடப் பழுது பற்றிய ஆய்வறிக்கை, கடந்த மூன்று வருட வருகைப் பதிவேடு, பதிவேடுகளை எங்கே எப்படி வைக்கப் போகிறார்கள் என்ற கடிதம். பதில் தர 30 நாள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 2005-ஆம் வருடச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே, ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பல நேரம் ஆணையே இன்னும் போடப்படவில்லை, வாய்மொழிப் பேச்சுதான் ஊரில் சுற்றுகிறது என்று இதில் தெரிந்துவிடும். போட்ட ஆணையை ரத்து செய்வதைவிட, போடாத ஆணையைத் தடுப்பது எவ்வளவோ சுலபம். அந்தப் பதிலுக்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கட்டும்.

இனி, உங்கள் மனுவின் உயிர் எதுவோ அதற்கு வருகிறேன். அந்த அறை என்ன செய்கிறது என்பதை அதிகாரிக்குப் புரிய வைப்பது. “எங்கள் வரலாறு, எங்கள் அடையாளம்” என்று பத்தி பத்தியாக எழுதினால் அவருக்கு எதுவும் புரியாது. வேலையைக் காட்டுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. அதில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அங்க அடையாளம் வரை எழுதியிருக்கும். டர்பனிலிருந்து ஒரு பெண்மணி அந்தப் பக்கத்தின் நகலோடு வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா, அப்புறம் ஆங்கில எழுத்தில் ஏதோ ஓர் ஊர். ஆங்கிலத்தில் ல, ள, ழ எல்லாம் ஒரே எழுத்தாகியிருக்கும், ஊர்ப் பெயரின் பாதி வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இருக்கும். நல்லூர் என்று முடிகிற ஊர்கள் நம் பக்கம் எத்தனை! மங்கலம் என்று முடிபவை எத்தனை! சென்னையிலோ டர்பனிலோ இருக்கும் எந்தக் கணினியும் இந்த முடிச்சை அவிழ்க்காது. உங்கள் பின்னறையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் அந்தக் காகிதத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “உங்க பாட்டி எந்தச் சாமிக்கும்மா நேர்ந்துக்குவாங்க?” என்று கேட்பார். வந்தவர் ஓர் ஐயனார் பெயரைச் சொன்னதும் மூன்று ஊரில் இரண்டு விலகிவிடும். அப்புறம் அந்தக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு நகலை எடுத்து, எந்தத் தெருவில் எந்த வகையறா என்று விரலை வைத்துக் காட்டுவார். அலமாரியை லாரியில் ஏற்றலாம். இந்த அறிவை ஏற்ற முடியாது. மனுவில் நீங்கள் அழுத்த வேண்டிய இடம் இதுதான்.

டெல்டாவுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் நம் மாவட்டங்கள் பிரிந்த விதம். 1991 வரை மயிலாடுதுறை தஞ்சாவூர் மாவட்டம். 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டம். அதன்பின் தனி மாவட்டம். ஒரே குடும்பத்தில் தாத்தா காகிதம் ஓர் ஊரில், அப்பா காகிதம் இன்னோர் ஊரில், பேரன் காகிதம் மூன்றாவது ஊரில். காரைக்காலுக்குப் பெண் கொடுத்து எடுத்தவர்கள் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த சிவில் பதிவேடுகளும் சேர்ந்துகொள்ளும். பிறப்பு எழுதும்போதே தாய் தகப்பன் வயது, தொழில், சாட்சிகள் யார் என்று பதிந்த அருமையான பதிவேடுகள் அவை, ஆனால் பிரெஞ்சில். ரீயூனியன் தீவுக்குக் கப்பல் ஏறியவர்களின் கொள்ளுப்பேரன்கள் இன்றும் அதைத் தேடி வருகிறார்கள். தரங்கம்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவு, நாகூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் தஃப்தர், அதாவது திருமணப் பதிவேடு. எங்கே போய் எதைக் கேட்க வேண்டும் என்று வழி சொல்லவாவது ஓர் ஆள் ஓர் இடத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்களை மட்டும் சொன்னால் “வருஷத்துக்கு நாலு பேர் வருகிறார்கள், அதற்கு ஒரு அறையா?” என்று கேட்பார்கள். உள்ளூர் உபயோகத்தை முன்னால் வையுங்கள். வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, கூட்டுப் பட்டா இவற்றுக்கெல்லாம் கொடிவழிப் பட்டியல், அதாவது யாருக்கு யார் பிள்ளை என்ற வம்சாவளிப் பட்டியல் வேண்டும். பத்திர எழுத்தர்களும் வக்கீல்களும் ஆட்களை உங்கள் நூலகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். தாலுகா ஆபீசில் ஒரு வாரிசு விவகாரம் இழுத்தடிப்பது கலெக்டருக்கு நன்றாகத் தெரியும். அந்த இழுபறியை இந்த அறை குறைக்கிறது என்று இரண்டு பத்திர எழுத்தர்கள் எழுதிக் கொடுத்தால், அது பத்துப் பக்க உணர்ச்சிக் கடிதத்தைவிட வேலை செய்யும். வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை, அதாவது ஓ.சி.ஐ., கேட்கிறவர்களும் உண்டு. பொதுவாகக் கொள்ளுப்பேரன் தலைமுறை வரை அது கிடைக்கும், ஆனால் முன்னோர் இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்று காட்டும் ஆவணம் வேண்டும்.

இதில் நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பது ஒன்று. நிலம் வைத்திருந்த குடும்பத்துக்குப் பட்டாவும் பத்திரமும் பேசும். பண்ணையாளாக இருந்த குடும்பத்துக்கு எது பேசும்? தாத்தா பெயர் எழுதிய முதல் அரசாங்கக் காகிதம் பல வீடுகளில் 1971-ஆம் வருடக் குடியிருப்புச் சட்டத்தில் மனைக்கு உரிமை வந்தபோது கிடைத்ததாக இருக்கும். குத்தகைக்காரராக இருந்தால் 1969-ஆம் வருடச் சட்டப்படி எழுதிய குத்தகை உரிமைப் பதிவேடு. அதற்கு முன்னால் தேடினால் தோட்ட வேலைக்கு மலேயா போன சித்தப்பாவின் பழைய காகிதத்தில்தான் குடும்பத்தின் பெயரே இருக்கும். இந்தக் குடும்பங்களுக்கு உங்கள் பின்னறையை விட்டால் வேறு இடமே கிடையாது. ஆகவே உங்கள் மனுவின் முதல் பக்கத்துக் கையெழுத்துகளில் அவர்கள் இருக்க வேண்டும். ஒரு சாதிச் சங்கம் தன் லெட்டர்பேடில் இந்த மனுவை எடுத்துக்கொண்டு போனால் அன்றோடு முடிந்தது. மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், அதிகாரியும் “இது அவங்க விவகாரம்” என்று தள்ளி வைப்பார். குடியானத் தெரு, காலனி, பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு, அக்கிரகாரம் எல்லா இடத்துக்கும் ஒரே மனுத்தாள் போகட்டும். நூலகத்தின் வாசகர் வட்டம் பெயரில் போவதுதான் நல்லது.

சரி, கோரிக்கை. ஒன்றுதான் இருக்க வேண்டும், கூடவே ஒரு மாற்று. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“எங்கள் கிளை நூலகத்தில் இயங்கிவரும் பூர்வீகத் தேடல் பிரிவை, இப்போதுள்ள இடத்திலேயே வாரம் இரண்டு நாட்கள் தொடர்ந்து திறந்து வைக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கட்டடப் பழுது காரணமாக இடமாற்றம் தவிர்க்க முடியாது என்றால், இதே ஊரில் வேறு அறை ஒதுக்குமாறும், பிரிவில் உள்ள ஒவ்வொரு பதிவேட்டுக்கும் நகலுக்கும் பட்டியல் தயாரித்து அதன் நகலை வாசகர் வட்டத்திடம் கொடுத்த பின்பே எதையும் அறையிலிருந்து எடுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.”

இதற்குக் கீழேயே அவர் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அப்படிப் போட முடியாத எதையும் சேர்க்காதீர்கள். நிரந்தரப் பணியிடம், குளிர்சாதன வசதி, தனிக் கட்டடம் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

அவர்கள் சொன்ன மூன்று காரணத்துக்கும் மூன்று பத்தி பதில் எழுதுங்கள். ஒழுகலுக்கு: சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, பொதுமக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. உள்ளூர்ப் பள்ளியில் ஓர் அறை தற்காலிகமாகத் தர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் முன்பே பேசி வையுங்கள். ஆள் இல்லை என்பதற்கு: எந்தக் கிழமை எத்தனை மணிக்கு யார் வருவார் என்று ஓய்வுபெற்றவர்கள் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம். வருகை குறைவு என்பதற்கு: இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வந்தவர் ஊர், என்ன தேடினார், என்ன கிடைத்தது. நான்கு வாரம் ஓடினாலே போதும், கையில் ஆதாரம் இருக்கும்.

நூலகத் துறைக்காரர்களிடம் பேசும்போது ஒன்றை நினைவூட்டலாம். நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது நம் சீர்காழியில். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி என்பவை அவர் சொன்னவை. இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் அதைப் படித்துத்தான் வேலைக்கு வந்தார்கள். 1931-லேயே மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதும் மன்னார்குடியில்தான். 1948-ஆம் வருட நூலகச் சட்டத்தின்படி நாம் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ரங்கநாதன் பிறந்த நாளான ஆகஸ்ட் 12 நூலகர் தினம். அது பக்கத்தில் வந்தால் அன்று மனுவைக் கொடுங்கள், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள்.

கையெழுத்துத் தாளை எப்படிப் போடுவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மேலே சொன்ன கோரிக்கை முழுவதும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் பெயர்கள் உள்ள தாள் பிரிந்து போனால் அது எதற்கான கையெழுத்து என்று யாருக்கும் தெரியாது. பக்க எண் போடுங்கள். ஐந்து கட்டம்: வரிசை எண், பெயர், தெருவும் ஊரும், “இந்தப் பிரிவால் எனக்கு ஆனது” என்று ஒரு வரி, கையெழுத்து. அந்த ஒரு வரிக் கட்டம்தான் தங்கம். “குலதெய்வம் கோயில் கண்டுபிடித்தோம்”, “அப்பா கூடப் பிறந்தவர்கள் பெயர் கிடைத்தது, பட்டா மாறியது” என்று அவரவர் கையால் எழுதியது இருந்தால் படிக்கிறவர் நின்று படிப்பார். கைநாட்டு வைப்பவர்களுக்குப் பக்கத்தில் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போடட்டும், அந்த ஒரு வரியையும் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஆதார் எண் கேட்கவே கேட்காதீர்கள். ஒருவரே வீட்டில் எல்லோருக்கும் போடுவதையும் விடக்கூடாது. பத்துக் கையெழுத்து ஒரே மாதிரி இருந்தால் மீதி அத்தனையும் சந்தேகத்துக்கு ஆளாகும். பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்க வேண்டாம். பணியில் இருக்கும் நூலகர் பெயர் எந்த மனுத்தாளிலும் வரவேண்டாம். அவருக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன, உங்கள் மனுவால் அவருக்கு மெமோ வந்துவிடக்கூடாது.

எங்கே வாங்குவது? நடவு, அறுப்பு நேரத்தில் காலையில் தெருவுக்குப் போனால் ஆள் இருக்காது. பொங்கலுக்குச் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போனவர்கள் எல்லாம் ஊருக்கு வருகிறார்கள். காணும் பொங்கலன்று குடும்பமே ஒரு திண்ணையில் இருக்கும். ஆடிப்பெருக்கன்று படித்துறை. குலதெய்வக் கோயில் திருவிழா எல்லாவற்றையும்விட நல்ல இடம், ஏனென்றால் அங்கே வருகிறவர் ஒவ்வொருவரும் பூர்வீகத்தை மனதில் வைத்துத்தான் வருகிறார். நாகூர் கந்தூரிக்கும் செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்களும் உண்டு. ஆனால் இவற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். மூடும் தேதி நெருங்கினால் ரேஷன் கடை வரிசையும் சந்தையும் போதும்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு மனு போட்டு எண்ணிக்கையைக் காட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாவட்ட அலுவலகத்தில் அதை எடுத்துப் பார்ப்பவர் குறைவு. அதற்குப் பதில் இந்த அறையால் பயன் பெற்ற பத்துப் பேரிடம், கோலாலம்பூரோ பினாங்கோ டர்பனோ, ஆளுக்கு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். என்ன காகிதத்தோடு வந்தேன், இங்கே என்ன கிடைத்தது, இப்போது வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வருகிறேன் என்று அவர்கள் சொந்த வார்த்தையில் எழுதட்டும். நீங்கள் மாதிரி எழுதிக் கொடுத்தால் பத்தும் ஒரே கடிதமாகிவிடும்.

கொடுக்கப் போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். நான்கைந்து பேர் போதும்: வாசகர் வட்டத் தலைவர், ஒரு பத்திர எழுத்தர், காலனியிலிருந்து பெரியவர் ஒருவர், ஜமாத்திலிருந்து ஒருவர். மூலப்பிரதி மாவட்ட நூலக அலுவலரிடம். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். அதே வாரம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் நகல் கொடுத்தால் கணினியில் ஏற்றி மனு எண் தருவார்கள். அந்த எண் பிறகு எல்லா இடத்திலும் உதவும். எம்.எல்.ஏ.விடம் நேரில் போய், அவர் லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பொது நூலக இயக்குநருக்கும் முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். பத்திரிகைக்குச் செய்தி, மனு கொடுத்த பிறகு. கொடுக்கும் முன்னால் செய்தி வந்தால் அதிகாரி தன் முடிவை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார், அப்புறம் இறங்கி வருவது அவருக்குக் கஷ்டம்.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் நேரில் போய்க் கேளுங்கள். எப்போதும் அதே ஆள் போகட்டும், மரியாதையாகப் பேசுகிறவராக இருக்கட்டும். ஒரு மாதம் தாண்டினால், “எங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கையின் விவரம், கோப்புக் குறிப்பு நகலோடு” என்று இன்னொரு தகவல் உரிமை விண்ணப்பம். சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது பொதுமக்களிடம் மனு வாங்குகிறது. அந்த அறிவிப்பு பத்திரிகையில் வரும், கண் வைத்திருங்கள். நீதிமன்றம் கடைசி வழி. அங்கே போக நேர்ந்தால், தேதி முத்திரையோடு நீங்கள் சேர்த்து வைத்த இந்த நகல்கள்தான் வழக்கு.

இதையெல்லாம் தொடங்கும் அதே வாரத்தில், மனு ஜெயிக்குமா தோற்குமா என்று பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. நூலகரிடம் அனுமதி வாங்கி, இரண்டு பேர் அந்த அலமாரிக்கு எதிரே உட்காருங்கள். மேல் தட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நோட்டுக்கும் எண், தலைப்பு, எந்த ஊர், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எத்தனை பக்கம், யார் கொடுத்தது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரம் உள்ள பக்கங்களை வெளியே பகிர வேண்டாம். பட்டியல் முடிந்ததும் நூலகரும் வாசகர் வட்டத் தலைவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை நூலகத்திலும் ஒன்றை வெளியிலும் வையுங்கள். இடம் மாறினாலும் எது போனது, எது போய்ச் சேரவில்லை என்று கேட்பதற்கு அந்தப் பட்டியல் வேண்டும்.